சுங்கை மெராந்தியில் விற்காத டிக்கெட்டுகள்

திங்கள், 8 ஜூலை 1985

காலையில் மூடுபனி. எட்டு மணிக்கு மேல் நல்ல வெயில். பிளாட்பாரம் ஓரம் லாலாங் புல் முழங்கால் வரை.

செய்ய வேண்டியவை:
புல் வெட்ட ஆள்.
பெயர்ப் பலகைக்கு வெள்ளைப் பெயிண்ட். கொடி காட்டும் மாட் அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.
கமலாவுக்கு மூட்டுவலித் தைலம்.
எனக்குப் பல் டாக்டர். மூன்று மாதமாக இந்தப் பட்டியலில் இருக்கிறது.

பதினொரு மணி வண்டியில் கார்டு லாசர் ஒரு கடிதம் கொடுத்தார். பழுப்பு உறை. "தலைமை ஆபீஸ் கடுதாசி மாஸ்டர். நல்ல சேதியா இருந்தா டீ வாங்கிக் குடுக்கணும்."

நல்ல சேதி இல்லை. மலாயில் ஒரு பக்கம். இரண்டு தடவை படித்தேன். டிக்கெட் விற்பனை மிகக் குறைந்த சிறு ஸ்டேசன்களில் செப்டம்பர் ஒன்று முதல் வண்டி நிற்காது. சுங்கை மெராந்தி பட்டியலில் நான்காவது. 18ஆம் தேதி ஓர் அதிகாரி நேரில் வருவார். அக்கம்பக்கத்து ஜனங்கள் ரயிலில் போகிறவர்களாக இருந்தால் அவரிடம் சொல்லலாம். ரப்பர் எஸ்டேட் மேனேஜருக்கும் ஒரு பிரதி.

நம் பெயருக்கு எதிரே: நாளுக்கு இரண்டு டிக்கெட்.

சரியான கணக்குதான். ஒன்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வாங்குவது, ஆபீசில் காட்டினால் செலவு திரும்பக் கிடைக்கும். இன்னொன்று சந்திக் கடைச் சீனர், யாரிடமும் எதையும் ஓசியில் வாங்காத மனிதர். மற்றவர்கள் டிக்கெட் வாங்குவதில்லை. வாங்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.

லாசருக்கு டீ வாங்கிக் கொடுக்கவில்லை.

செவ்வாய், 9 ஜூலை

தூறல். 6.50 வண்டி நான்கு நிமிடம் லேட்.

இன்று தலைகளை எண்ணினேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. முப்பத்தொன்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினாறு. ராவாங் தொழிற்சாலைப் பெண்கள் பதினொன்று. மிச்சம் ஆஸ்பத்திரி, பாசார், கல்யாண வீடு, சும்மா.

காதில் விழுந்தவை:
"ஏய், என் சாப்பாட்டு டப்பா மேல உக்காராத லா!"
"ஓவர்டைம் இருந்தா ஏழு மணி வண்டிலதான் வருவேன்னு அம்மாட்ட சொல்லிட்டேன்."
"மாஸ்டர், கங்கோங் கீரை பெஞ்சுல வச்சிருக்கேன், ஆடு தின்னுறப் போவுது."

எல்லோரும் ஜன்னலைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே போனார்கள். டிக்கெட் ஜன்னலின் மேல் மூலையில் சிலந்தி வலை. நிஜமாகவே வலை. துடைத்தேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று எழுதிவைக்க வேண்டும். எழுபத்தாறில் பெரிய மழை. எஸ்டேட் பாலம் போய்விட்டது, மெயின் ரோட்டுக்குப் போக வழியில்லை. மூன்று வாரம் ரயில் ஒன்றுதான். சம்பளமும் இல்லை. ஜனங்கள் ஜன்னலில் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தேடுவதைப் பார்க்கச் சகிக்காமல், "ஏறுங்க, டிக்கெட் பிறகு பார்த்துக்கலாம்" என்றேன். லாசரும் சரி என்றார். இறங்குகிற இடத்தில் டிக்கெட் காட்டாமல் வெளியேற வேலியில் ஒரு சந்து உண்டு.

பிறகு தண்ணீர் வடிந்தது. ரப்பர் பால் லோரி போகும் அளவுக்குப் பாலத்தையும் கட்டினார்கள். பஸ் மட்டும் வரவில்லை. சம்பளமும் வந்தது. நான் மட்டும் "இனிமேல் டிக்கெட் வாங்குங்க" என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இரக்கம் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்று பொய் வேண்டாம். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது. "நம்ம மாஸ்டர் மாதிரி வருமா" என்ற பேச்சு பிடித்திருந்தது. கீரை, வாழைத்தார், ஆற்று மீன், தீபாவளி முறுக்கு. திருவிழாவில் எனக்கு முதல் மாலை. அவர்கள் கேட்டது எதுவும் இல்லை. டிக்கெட் அறுபது காசு. கொடுத்திருப்பார்கள்.

கங்கோங் கீரையைக் கமலா சாம்பால் மிளகாய் விழுதில் வதக்கினாள். சாப்பிட்டேன்.

புதன், 10 ஜூலை

மழை இல்லை. புழுக்கம்.

கமலாவிடம் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஆபீசர்கிட்ட இவங்க போயி, நாங்க தினம் நாப்பது பேரு ஏறுறோம்னு சொன்னா?"
"டிக்கெட் எங்கேன்னு கேப்பாங்க."
"கேட்டா?"
"எனக்கு விசாரணை வரும்."
"நவம்பர்ல உங்களுக்கு அம்பத்தஞ்சு. பென்சன்?"
நான் தொப்பியைத் தேடி எடுத்தேன்.
"யாரு கேட்டா உங்கள? தருமம் பண்றதுன்னா சொந்தப் பையில இருந்து பண்ணணும். ரயில எடுத்துக் குடுக்க அது என்ன உங்கப்பா வீட்டு வண்டியா?"

அதன்பிறகு அரிசி புடைக்கும் சத்தம்தான். கல்லே இல்லாத அரிசியை அரை மணி நேரம் புடைத்தாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அதனால்தான் கோபம் வந்தது. வெளியே போய் மாட்டை ஏசினேன், பலகையில் பெயிண்ட் வழிகிறது என்று. மாட் கொடி காட்டுகிறவர், தண்டவாளப் பாயிண்ட் மாற்றுகிறவர், இருபது வருடம் என்னோடு. தூரிகையை வைத்துவிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அந்த ஆள் வந்து கேட்டால் நான் ஒன்றும் பார்த்ததில்லை. என் கண் எப்போதும் சிக்னலில்." எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இப்போது தெரிகிறது.

வெள்ளி, 12 ஜூலை

மத்தியானம் இடி, பிறகு ஒன்றுமில்லை.

தங்கையா மண்டோர் சைக்கிளில் வந்தார். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆளுக்கு மர நிரை பிரித்துவிடுகிறவர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்களுக்கு அவர் பேச்சுதான் பேச்சு. கூடையில் இரண்டு டுரியான் பழம்.

"ஐயா, கடுதாசி விசயம் கிராணி சொன்னாரு. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. பதினெட்டாந்தேதி தோட்டத்தையே கூட்டியாந்து நிறுத்துறேன். அம்பது பேரு ஏறுற ஸ்டேசன மூடுவானா? கண்ணால பாக்கட்டும்."

"சரி" என்றேன்.

"பாப்பாத்தி மக சரசு இருக்காளே, மலாய்ல வெளுத்து வாங்குவா. பள்ளிக்கூடத்துல ஃபாரம் ஃபைவ் பாசு. அவளையே பேசச் சொல்லிருக்கேன்."

"சரி" என்றேன் மறுபடியும்.

இதுதான் சமயம் என்று தெரியும். தங்கையா, உங்கள் ஜனங்கள் ஒருவருக்கும் நான் டிக்கெட் கொடுத்ததில்லை, அதனால்தான் ஸ்டேசன் போகிறது, என்று இரண்டு வாக்கியம். அதற்குப் பதில், டுரியான் நல்ல ஜாதியா என்று கேட்டேன். மலாய்க் கிராமத்து மரம், மஞ்சள் சுளை என்றார்.

வாசம் வீடு முழுக்க. கமலா தொடவில்லை. நான் ஒன்றைத் திறந்து நாலு சுளை தின்றேன். என்ன மனிதன் நான்.

சரசு பற்றி: பாப்பாத்திக்கு ஒரே பெண். புருசன் இல்லை. பாப்பாத்தி விடிவதற்குமுன் ரப்பர் மரம் சீவப் போகிறவள். லயத்தில் முதன்முதலாகத் தொழிற்சாலைக்குப் போனவள் சரசு, இரண்டு வருடம் ஆகிறது. அவளைப் பார்த்துத்தான் மற்றப் பத்துப் பேர். ஷிப்ட் ஏழரைக்கு. 6.50 வண்டி இல்லையென்றால் மெயின் ரோட்டுக்கு ஆறு மைல் நடந்து பஸ் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அம்மாவின் பால் வாளி.

ஞாயிறு, 14 ஜூலை

லீவு. ராவாங் போய், அங்கிருந்து பஸ்ஸில் கோலா சிலாங்கூர். மகள் வீடு. பேரன் முழங்கால் போட்டுத் தவழ்கிறான். என் தொப்பியைக் கடித்தான்.

மருமகனிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. "நல்லதாப் போச்சு மாமா. ரெண்டு மாசம் முன்ன பின்ன. இங்கயே வந்துருங்க. கம்போங் குவாந்தான் போயி மின்மினி பாக்கலாம், மீன் வாங்கலாம், நிம்மதி." அவருக்கு ஸ்டேசன் என்றால் என் வேலை. அவ்வளவுதான். எனக்கும் இத்தனை நாள் அப்படித்தான் இருந்திருக்கிறது.

பஸ் நிலையம் பக்கத்தில் பாய் கடையில் டீ. கல்லாவில் வயசான பாய். என் சட்டைப் பித்தானைப் பார்த்துவிட்டு, "ரயில்வேயா? இந்த ஊருக்கும் ஒரு காலத்துல ரயில் இருந்துச்சு, தெரியுமா? கிள்ளான்லேருந்து. எங்க வாப்பா அதுல வந்துதான் இறங்குனாரு" என்றார். ஸ்டேசன் எங்கே இருந்தது என்று கேட்டேன். கையை நீட்டினார், பிறகு வேறு பக்கம் நீட்டினார். "அங்கனதான். இல்ல, அந்தப் பக்கமா... மறந்துபோச்சு போங்க. சீனி போதுமா?"

டீ நன்றாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் அந்தக் கை கண்ணில். கோலா சிலாங்கூரில் ரயில் இல்லாமல் போனாலும் பாசார் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. சுங்கை மெராந்திக்கு என்ன இருக்கிறது?

தைலம் வாங்கினேன். பல், மறுபடி இல்லை.

திங்கள், 15 ஜூலை

பனி. வண்டி சரியான நேரம்.

ஒரு யோசனை தோன்றியது. இன்றிலிருந்து எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தால் என்ன? மூன்று நாளில் நூற்றுக்குமேல் விற்றதாக ஆகும். கிராணியும் சீனரும் வாங்குவது தூரத்து டிக்கெட்; தொடாமல் கிடந்த ராவாங் டிக்கெட் கட்டை எடுத்துத் தூசி தட்டி, தேதி அடிக்கும் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஆறரைக்கே ஜன்னலைத் திறந்து உட்கார்ந்தேன்.

சரசு எட்டிப் பார்த்தாள். நீலத் தொழிற்சாலைச் சட்டை, தலையில் கனகாம்பரம். "என்ன அங்கிள், இன்னிக்கு ஜன்னல் எல்லாம் தொறந்திருக்கு? யாரு வர்றா, சுல்தானா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிக்கெட் வாங்கு என்று சொல்ல வாயைத் திறந்தால், "ஜாக்கிரதையாப் போய்ட்டு வா" என்று வருகிறது.

கிராணியும் சீனரும் வாங்கினார்கள். இரண்டு.

அதுவுமல்லாமல் இத்தனை நாள் இரண்டு விற்ற இடத்தில் திடீரென்று நாற்பது விற்றால் எந்த முட்டாளுக்கும் சந்தேகம் வரும். இதை எட்டு மணிக்குத்தான் யோசித்தேன். வெட்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது.

செவ்வாய், 16 ஜூலை

வெயில். புல் வெட்டியாயிற்று.

சொல்லிவிட்டேன். தங்கையாவைக் கூட்ஸ் ஷெட்டுக்குக் கூப்பிட்டு, முழுக்கச் சொன்னேன். இரண்டு டிக்கெட் கணக்கு, விசாரணை, எல்லாம். அவர் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நாங்க ஓசில ஏறுனதாலதான் மூடுறாங்களா ஐயா?"
"நீங்க இல்ல. நான் ஏத்துனதால."
"எல்லாம் ஒண்ணுதானே."
"ஒண்ணு இல்ல, தங்கையா."

தூணிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "வியாழக்கிழம நாங்க என்ன சொல்லணும்?" என்று கேட்டார்.

"உள்ளதச் சொல்லுங்க. தினம் நாப்பது பேரு ஏறுறோம்னு சொல்லுங்க. என்னைப் பத்தி யோசிக்காதீங்க" என்றேன்.

நல்ல பேச்சு. பேசும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அதோடு நிறுத்தவில்லையே. "பென்சன் போனாலும் போகட்டும்" என்றேன். "கமலாவுக்கு மூட்டுவலி, பென்சன்லதான் பாக்கணும், அது என் பாடு" என்றேன். "முப்பத்திரண்டு வருசச் சர்வீசு, நவம்பர் வரைக்கும் இருந்திருந்தா பென்சன் கையில" என்றேன்.

மூன்று தடவை பென்சன். இப்போது எழுதும்போது எண்ணிப் பார்க்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு, சொல்லாதீர்கள் என்று காலில் விழுந்திருக்கிறேன்.

தங்கையா சைக்கிளை எடுத்தார். "நீங்க நிம்மதியா இருங்க ஐயா" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. புரிந்தும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. சைக்கிள் வளைவு திரும்பும்வரை நின்று பார்த்தேன். உடம்பு லேசான மாதிரி இருந்தது. அதுதான் அசிங்கம்.

வியாழன், 18 ஜூலை

காலையில் நல்ல மழை. பத்து மணிக்கு வெளுத்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணி வண்டியில் அதிகாரி வந்தார். இறங்கியவர் அவர் ஒருவர்தான். இளம் சீனர், முப்பது இருக்கும், மரியாதையான பிள்ளை. கண்ணாடியில் மழைத்துளி. முதலில் டிக்கெட் அலமாரி. ராவாங் டிக்கெட் கட்டைத் தடவிப் பார்த்து, "இது எப்போது வந்த கட்டு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எழுபத்தாறில் என்றேன். குறித்துக்கொண்டார்.

பிளாட்பாரத்தில் ஜனங்கள். அறுபது பேர் இருப்பார்கள். எல்லோரும் கோயிலுக்கு உடுத்துகிற உடுப்பு. தங்கையா முன்னால். பக்கத்தில் பாப்பாத்தி. சரசு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், கையில் மடித்த காகிதம், பேச எழுதிவைத்தது.

அதிகாரி மலாயில் கேட்டார்: இவர்களில் எத்தனை பேர் ரயிலில் போகிறவர்கள்?

தங்கையாவுக்கு மலாய் நன்றாக வரும். மாட்டோடு மணிக்கணக்கில் பேசுகிறவர். இன்று அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நாங்க யாரும் ரயில்ல போறதில்ல, ஐயா. எஸ்டேட் லோரிலதான் போறோம். அவருகிட்ட சொல்லுங்க."

நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். அதற்காகத்தான் தமிழில் சொன்னார் என்று அந்த நிமிடமே தெரிந்தது. கதவை என் பக்கம் திறந்து வைத்துவிட்டார். நான் மலாயில் எதைச் சொன்னாலும் அவர் மறுத்திருக்க மாட்டார்.

அவர்கள் லோரியில் போகிறார்களாம், என்று மலாயில் சொன்னேன்.

பால் லோரியில் ஆளை ஏற்றினால் டிரைவருக்கு வேலை போய்விடும். அது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும்.

அதிகாரிக்கே ஆச்சரியம். "அப்படியானால் இத்தனை பேர் ஏன் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். இதைத் தமிழில் சொன்னேன். பாப்பாத்தி முன்னால் வந்தாள். "ரயில் வர்றதப் பாக்க நல்லாருக்கும்யா. புள்ளைங்களுக்கு வேடிக்க காட்ட வருவோம். அதான்."

சரசு, "அம்மா, என்னம்மா இது" என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். பாப்பாத்தி திரும்பாமலே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மரம் சீவுகிற கை. சரசுவால் அசைய முடியவில்லை. காகிதம் கசங்கியது.

வேடிக்கை பார்க்க வருகிறார்களாம், என்று மலாயில் சொன்னேன். அதையும் என் வாயால் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளன்.

அதிகாரி கையிலிருந்த ஃபைலை மூடினார். "ஸ்டேசன் மாஸ்டர், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"இல்லை" என்றேன்.

கமலா டீ அனுப்பினாள். குடித்தார். ஸ்டேசன் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். இரண்டு மணி வண்டியில் போனார்.

ஜனங்கள் கலையும்போது ஒருவரும் என்னைக் குற்றமாகப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடித்திருந்தால் தேவலை.

வெள்ளி, 19 ஜூலை

பனி. 6.50 வண்டி 6.50.

பிளாட்பாரத்தில் கிராணி. சீனர். வேறு யாரும் இல்லை.

லாசர் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "என்ன மாஸ்டர், தோட்டத்துல எழவா?" ஒற்றை வழிப் பாதை, என் கையிலிருக்கும் வளையத்தைக் கொடுத்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேசனுக்குப் போக முடியும். கொடுக்காமல் நின்றேன். வந்துவிடுவார்கள், பாதையில் ஓடி வருவார்கள் என்று. மூன்று நிமிடம். டிரைவர் ஹார்ன் அடித்தார். கொடுத்தேன்.

பெஞ்சில் கீரை இருந்தது. யாரோ வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சனி, 20 ஜூலை

மழை மறுபடி. இன்றும் இரண்டு பேர்.

பதினொரு மணி வண்டி போனதும் மாட்டிடம் ஸ்டேசனை விட்டுவிட்டுக் குடையோடு லயத்துக்கு நடந்தேன். ஆறு வருடத்துக்கு மேலாயிற்று உள்ளே போய். பாதையெல்லாம் செம்மண் சேறு.

தங்கையா வாசலில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ஐயா, ரயில்ல போறதில்லன்னு சொல்லியாச்சு. மறுநாளே நாப்பது பேரு ஏறுனா? அந்த ஆளு யாரயாச்சும் வேவு பாக்க வச்சிருந்தா? உங்க பென்சன் கைக்கு வர்ற வரைக்கும் ஒருத்தனும் ஏறக் கூடாதுன்னு பெரட்டுலயே சொல்லிட்டேன்."

"பிள்ளைங்க பள்ளிக்கூடம்?"
"நடக்குறாங்க. நாலரைக்கு எழுப்பி விடுறோம்."
"ஆறு மைலு, தங்கையா!"
"மழைல கொஞ்சம் கஷ்டந்தான். செப்டம்பர்லேருந்து எப்படியும் நடக்கணும்ல. பழகிக்கட்டுமே."

இதைச் சமாதானமாகத்தான் சொன்னார். சோப்பு நுரையோடு சிரித்தார். டிக்கெட் வாங்கி ஏறச் சொல்லுங்கள், அது யாருக்கும் தப்பில்லை என்றேன். "வாங்குனா நாளைக்கு நாப்பது டிக்கெட்டு காட்டும். அப்ப வியாழக்கிழம சொன்னது பொய்யின்னு ஆயிரும். மொழிபேத்தது நீங்கதானே?" என்றார். நான் ஒரு வாரமாக யோசித்ததையெல்லாம் அவர் சவரம் பண்ணிக்கொண்டே யோசித்து முடித்திருக்கிறார். எல்லாம் எனக்காக.

பாப்பாத்தி வீடு கடைசி. மரத்திலிருந்து திரும்பி, துண்டைத் தலையில் கட்டியபடி வாசலில். சரசுவின் காலணி கொடியில் தொங்கியது, நேற்று சேறு கழுவிக் காயப்போட்டது, ஒரு பக்கம் பிய்ந்து; இன்று அம்மாவின் செருப்பில் போயிருக்கிறாள். நேற்று அரை மணி லேட்டாம், இன்றும் லேட்டாகத்தான் போயிருப்பாளாம், மூன்று தடவை ஆனால் வேலை இல்லையாம். பாப்பாத்தி இதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னாள். "கமலாக்காவுக்கு முட்டி வலி எப்படிருக்கு மாஸ்டர்?" என்று கேட்டாள்.

அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிறு, 21 ஜூலை

வெயில்.

கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், ஒரு பக்கம், தலைமை ஆபீசுக்கு. நாளுக்கு நாற்பது பேர் ஏறியது, ஒன்பது வருடம் நான் டிக்கெட் கொடுக்காதது, வியாழக்கிழமை அவர்கள் சொன்ன பொய் எனக்காகச் சொன்னது, அதைப் பொய் என்று தெரிந்தே நான் மொழிபெயர்த்தது. லாசர் பெயர் போடவில்லை. மாட் பெயர் போடவில்லை.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் வெள்ளம், பாலம், ஏழை ஜனங்கள் என்று என்னை நல்லவனாக்கிக்கொண்டே போகிறது பேனா. நான்காவதில் அதெல்லாம் இல்லை.

உறையில் போட்டு ஒட்டினேன். மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நாளைக்கு அனுப்பலாம். நவம்பரில் அனுப்பினால் என்ன என்றும் ஒரு நினைப்பு வருகிறது. செப்டம்பரில் மூடிவிட்டு நவம்பரில் உண்மை வந்து யாருக்கு என்ன? தெரிகிறது. தெரிந்தும் வருகிறது.

கமலா எதுவும் கேட்கவில்லை. யூனிபாரத்தை இஸ்திரி போட்டாள்.

திங்கள், 22 ஜூலை

பனி. 6.50 வண்டி இரண்டு நிமிடம் லேட்.

கிராணி லீவு. சீனருக்குக் காய்ச்சல். பிளாட்பாரம் காலி. ஜன்னலை மூடப் போனேன்.

சரசு. தனியாக. நீலச் சட்டை, பிய்ந்த காலணியில் சணல் கட்டு. மேட்டுப் பாதையில் வந்திருக்கிறாள், அம்மா மரத்துக்குப் போன பிறகு. ஜன்னல் பலகையில் காசை வைத்தாள்.

"ராவாங் ஒண்ணு, சார்."

இதுவரை அங்கிள்தான். சார் என்று கூப்பிட்டதே இல்லை.

என் கை என்ன செய்தது தெரியுமா? காசை அவள் பக்கமே தள்ளியது. ஒன்பது வருடப் பழக்கம். அவள் மறுபடி என் பக்கம் தள்ளினாள்.

"டிக்கெட் குடுங்க. இன்னிக்கும் லேட்டானா வேல போயிரும்."

எடுத்தேன். தேதி அடித்தேன். மெஷின் சத்தம் காலி ஸ்டேசனில் பெரிதாகக் கேட்டது. டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போகாமல் நின்றாள். கோபமாகக்கூட இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அன்னிக்கு நான் மலாய்ல எல்லாத்தையும் சொல்லிருப்பேன் சார். அம்மா என் கையப் புடிச்சிட்டாங்க. உங்க கைய யாரு புடிச்சா?"

வண்டி வந்துவிட்டது. வளையத்தைக் கொடுக்கப் போனேன். அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. லாசர் கொடியை அசைத்தார். வண்டி நகர்ந்தது.

ஆபீசுக்குள் ஓடினேன். டிராயர் சாவி கிடைக்கவில்லை, சட்டைப் பையிலேயே இருந்தது. திறந்து, உறையை எடுத்து, பிளாட்பாரம் முழுக்க ஓடி, கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் லாசர் கையில் கொடுத்துவிட்டேன். "தபால்" என்று கத்தினேன். விழுந்தேன், காலில் சுளுக்கு. மாட் வந்து தூக்கிவிட்டார்.

ஏறியவர்: ஒருவர். விற்ற டிக்கெட்: ஒன்று. ஒன்பது வருடத்தில் நான் எழுதிய முதல் சரியான கணக்கு.

கமலாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் போகும்போது சொல்ல வேண்டும்.